காலியிடம் ஒன்று

ஜூன் 9, திங்கள்

முதல்வர் இன்று எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார். அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது முனைவர் பட்டம் இல்லாதவர்கள், அல்லது அதற்குப் பதிவாவது செய்யாதவர்கள், கல்லூரியில் தொடர்வது சிரமமாம். "நான் சொல்லலீங்க, மேனேஜ்மென்ட் சொல்லுது" என்று கையை விரித்தார். விலங்கியல் துறையில் அப்படி இருப்பது நானும் ஆக்னஸும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் நான் டப்பாவைத் திறந்ததோடு சரி. ஆக்னஸ் என் டப்பாவிலிருந்த வெண்டைக்காயை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "பயப்படாதடி வினோ. குலசேகரன் சார்கிட்ட இந்த வருஷம் ரெண்டு இடம் காலியாம். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஒரே பஸ்ல போயிட்டு வரலாம்."

குலசேகரன் சார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வாய்க்கால், குளங்களில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றி ஆராய எங்கள் பக்கத்தில் அவரை விட்டால் வேறு வழிகாட்டி கிடையாது. நான் ஏற்கெனவே இரண்டு தடவை வேறு வேறு இடங்களில் விண்ணப்பித்து, நேர்காணலோடு திரும்பி வந்தவள். ஆக்னஸுக்கு இதுதான் முதல் தடவை. அதனால்தான் இவ்வளவு தைரியம்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது ஆக்னஸ் வந்தாள். கிரைண்டரை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தியதும் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். இதற்கு முன் இரண்டு தடவை உண்டாகித் தங்காமல் போயிற்று. இப்போது இரண்டு மாதம் ஆகப்போகிறதாம்.

"வீட்டுக்காரருக்கும் உனக்கும்தான் தெரியும். மாமியார்கிட்டகூடச் சொல்லல. அஞ்சு மாசம் தாண்டட்டும். போன தடவை ஊரெல்லாம் சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயா இல்லேன்னு சொல்ல வேண்டியதாப்போச்சு. போனதைவிட அதுதான்டி கொடுமை."

"அப்போ பிஎச்.டி.?"

"அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது. என்னோட ஆராய்ச்சி நத்தைதானே, எங்க ஓடிடப்போகுது?"

இருவரும் சிரித்தோம். கையெல்லாம் மாவு, அவள் புடவையிலும் ஒட்டிவிட்டது.

எனக்கு ரொம்ப சந்தோஷம். இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஜூன் 18, புதன்

குலசேகரன் சாரிடம் இருப்பது ஒரே இடம்தானாம். இன்னொன்றில், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாற்றிக்கொண்டு வந்த மாணவர் ஒருவர் சேர்ந்துவிட்டார். ஆக்னஸ்தான் போன் செய்து விசாரித்துச் சொன்னாள்.

"யாருக்குக் கிடைக்குதோ அவ மத்தவளுக்கு பிரியாணி வாங்கித் தரணும், சரியா?" என்றாள்.

சரி என்றேன். யாருக்குக் கிடைத்தால் என்ன? இருவரும் ஒரே துறை, ஒரே அறை, பக்கத்துப் பக்கத்து மேசை. எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

மகள் ஹரிணிக்குப் பத்தாம் வகுப்பு டியூஷன் தொடங்கிவிட்டது. மாலையில் அவளைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை.

ஜூன் 21, சனி

ஆய்வுத் திட்டம் எழுதி முடித்தேன். தட்டான் பூச்சி பறப்பதற்கு முன் தண்ணீருக்குள் லார்வாவாகப் பல மாதங்கள் வாழ்கிறது. எந்த வகை லார்வா எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதுதான் என் தலைப்பு.

ஆக்னஸ் வாசித்துவிட்டு, "வாய்க்கால் முழுக்க எடுக்காத வினோ. ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு இடம், ஊரைத் தாண்டினப்புறம் ஒரு இடம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு. பளிச்சுனு நிக்கும்" என்றாள். அப்படியே மாற்றி எழுதினேன். இப்போது படித்தால் வேறு யாரோ எழுதியது போல நன்றாக இருக்கிறது.

இதை அவள் யோசனை என்று சொல்ல முடியாது. பேச்சுவாக்கில் வந்தது. எனக்கும் அது மனதில் இருந்ததுதான்.

அவள் திட்டத்தையும் வாசித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

விண்ணப்பத்தை நேரில் கொடுக்கக் கடைசி நாள். ஆக்னஸுக்கு விடியற்காலையிலிருந்து வாந்தி. எழுந்து நிற்க முடியவில்லை. அவள் கணவர் ஆரோக்கியம் அவள் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். "சிஸ்டர், நீங்க இருக்கிறதாலதான் அவ நிம்மதியாப் படுத்திருக்கா" என்றார். இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். பஸ்ஸில் ஊர் எல்லை வரை நின்றுகொண்டே போகவேண்டியிருந்தது.

இரண்டு விண்ணப்பங்களையும் குலசேகரன் சார் மேசையில் வைத்தேன். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். ஆக்னஸ் ஏன் வரவில்லை என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். என்ன உடம்புக்கு என்றார்.

மாசமாக இருக்கிறாள் என்று சொன்னேன்.

கேட்கிறவரிடம் என்ன சொல்வது? காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லி, நாளைக்கு அது தெரியவந்தால் இருவருக்கும்தான் கெட்ட பெயர். தவிர, அவரும் இரண்டு பெண்களைப் பெற்றவர். புரிந்துகொள்வார்.

திரும்பும்போது ஆக்னஸுக்கு எலுமிச்சம்பழமும் மாதுளையும் வாங்கிக்கொண்டு போனேன். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஜூன் 25, புதன்

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். தட்டில் கையை வைத்தபடி கேட்டார்: "நீ சொன்னது ஆக்னஸுக்குத் தெரியுமா?"

"அதுல என்ன இருக்கு? அவர் கேட்டாரு, நான் சொன்னேன்."

"தெரியுமான்னுதான் கேட்டேன்."

ஈரத் துண்டை நாற்காலியில் போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? அதைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறாயா என்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

ஆக்னஸுக்கு வாந்தி நின்றுவிட்டது. முகம் தெளிந்திருக்கிறது. சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்தாள். இருவரும் நேர்காணலுக்கு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகினோம். எனக்குப் பதில் தெரியாத இடங்களில் எல்லாம் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஹரிணி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 17, வியாழன்

நேர்காணல். ஆக்னஸ் முதலில் போனாள். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டாள். அடுத்து நான். என்னை நெடுநேரம் வைத்திருந்தார்கள். எந்த வலை, எந்தப் பருவம், ஆடி வெள்ளத்தில் லார்வா அடித்துக்கொண்டு போகாதா என்றெல்லாம் கேட்டார்கள். ஊருக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று நான் சொன்னபோது குலசேகரன் சார் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் ஆக்னஸ் கரும்புச்சாறு வாங்கித் தந்தாள்.

"என்கிட்ட நத்தையைப் பத்தி ஒரு கேள்விகூடக் கேக்கலடி. வீட்ல யார் யார் இருக்காங்க, உதவிக்கு ஆள் உண்டா, நடுவுல விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே, அவ்வளவுதான். உன்கிட்ட?"

"என்கிட்டயும் அப்படித்தான்" என்றேன்.

"ஓ, பொம்பளைங்கன்னா எல்லார்கிட்டயும் இதைத்தான் கேப்பாங்க போல" என்று சொல்லிவிட்டு, என் டம்ளரையும் வாங்கிக் கடைக்காரரிடம் கொடுத்தாள்.

ஜூலை 30, புதன்

எனக்குக் கிடைத்துவிட்டது.

ஜூலை 31, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. அம்மா போனில் அழுதுவிட்டாள். இவர் மைசூர்பாகு வாங்கிவந்தார். ஹரிணி தன் தோழிகளுக்கெல்லாம் "எங்கம்மா டாக்டர் ஆகப்போறாங்க" என்று அனுப்பியிருக்கிறாள்.

ஆக்னஸ் துறையிலேயே எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பிரியாணி எங்கடி?" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. தூங்கவில்லையாம்.

மாலையில் கடைக்குப் போய்ச் சாப்பிட்டோம். அவள் நிறையச் சாப்பிட்டாள். என்னால் முடியவில்லை. கடையில் காரம் அதிகம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆக்னஸ் வற்புறுத்தி வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போனாள். தன் நத்தைகளுக்காகப் போன வருடமே அவள் பார்த்து வைத்திருந்த இடங்கள். எந்தப் படித்துறையில் இறங்கலாம், எங்கே சேறு காலை இழுக்கும், எங்கே நாய் தொல்லை, எல்லாம் காட்டினாள். "எனக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். அதுக்குள்ள இந்த ஆளும் வெளிய வந்துடும்" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டாள்.

வெயிலில் குடையில்லாமல் நடந்தாள். நான் குடையைப் பிடித்தால் தள்ளிவிட்டாள். "டாக்டர் நல்லா நடக்கச் சொல்லியிருக்காங்க. நீ என்னை நோயாளி ஆக்காத" என்றாள்.

சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம்.

ஆகஸ்ட் 23, சனி

ஆரோக்கியம் காலையில் போன் செய்தார். அழுகையில் அவர் பேசியது புரியவில்லை. ஆஸ்பத்திரி பெயர் மட்டும் புரிந்தது.

தங்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஆக்னஸுக்குத் தலைவாரிவிட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதது நல்லதாப்போச்சு வினோ. துக்கம் கேக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. காலேஜ்ல டைபாய்டுன்னு சொல்லிடு. வந்து பாடம் எடுக்க ஆரம்பிச்சேன்னா ஒருத்தருக்கும் தெரியாது. இந்த மட்டும் மாதா என்னைக் காப்பாத்தினா."

பின்னலை முடித்து ரப்பர் பாண்டு போட்டேன். அவிழ்ந்துவிட்டது. திரும்பவும் பின்னினேன்.

கல்லூரியில் டைபாய்டு என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆக்னஸ் வேலைக்கு வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். பிள்ளைகள் கேட்டால் கஞ்சி, ரசம் என்று டைபாய்டுக்காரர்கள் சொல்வதையெல்லாம் சொல்கிறாள்.

துறைக் கருத்தரங்கு பத்தொன்பதாம் தேதி. சிறப்பு விருந்தினராக குலசேகரன் சாரை அழைக்கலாம் என்று துறைத்தலைவர் முடிவு செய்துவிட்டார். "உங்க கைடுதானே, நீங்களே கூப்பிட்டுடுங்க" என்கிறார். வேறு யாரையாவது அழைக்கலாமே என்றேன். ஏன் என்று கேட்டார். சரி, கூப்பிடுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கருத்தரங்கு நன்றாகவே முடிந்தது. குலசேகரன் சார் நன்றாகப் பேசினார். நன்றியுரைக்கு முன் சிறிய இடைவேளை. துறைத்தலைவர் அறையில் சார், துறைத்தலைவர், நான். ஆக்னஸ் காப்பித் தட்டோடு வந்தாள்.

சார் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க ஆக்னஸ்தானே? நத்தை. ஞாபகம் இருக்கு. எப்படி இருக்கீங்கம்மா? டேட் எப்ப குடுத்திருக்காங்க?"

"எந்த டேட் சார்?"

"டெலிவரிக்குத்தான். பார்த்தா தெரியவே இல்லையே. வினோதினி அப்ளிகேஷன் குடுக்க வந்தப்பவே சொன்னாங்க. அதான் நாங்களும், இந்த வருஷம் உங்களைச் சிரமப்படுத்த வேணாம், அடுத்த வருஷம் நிதானமா வரட்டும்னு."

துறைத்தலைவர் "அப்படியா! எங்களுக்குத் தெரியாதே! வாழ்த்துகள்மா" என்று எழுந்தே விட்டார்.

ஆக்னஸ் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எழுதுவதற்கு வார்த்தை இருக்கும். முன்பின் தெரியாத ஒருத்தியை யார் என்று விசாரிப்பது போலப் பார்த்தாள்.

"டேட் எதுவும் இல்ல சார்" என்றாள். "காப்பி ஆறிடும், எடுத்துக்குங்க."

பிறகு மேடைக்குப் போய் நன்றியுரை வாசித்தாள். ஒருவர் பெயரும் விடுபடவில்லை. என் பெயரும் இருந்தது.

செப்டம்பர் 20, சனி

போன் எடுக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

அவள் மேசையைத் தாவரவியல் துறைப் பக்கம் மாற்றிக்கொண்டாள். ஜன்னல் காற்று வேண்டுமாம். துறையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக அவளிடம் போய் நிற்கிறார்கள். சிலர் வாழ்த்துகிறார்கள். அவள் இல்லை என்று சொல்கிறாள். அப்புறம் அவர்கள் வருத்தப்படுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே வாழ்த்து எங்கே முடிகிறது, வருத்தம் எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

பல்கலைக்கழகத்துக்குப் போய் குலசேகரன் சாரைப் பார்த்தேன். என் இடத்தை ஆக்னஸுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

"பஸ் சீட்டாம்மா இது, எந்திரிச்சு இன்னொருத்தருக்குக் குடுக்க? நீங்க விட்டா அது காலியாத்தான் கிடக்கும்."

"சார், அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா, யாரை எடுத்திருப்பீங்க?"

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதை இப்ப எப்படிம்மா சொல்றது? நாலு பேர் உட்கார்ந்து பேசினோம். ரெண்டு பேர் எழுதினதும் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதானே சொன்னீங்க, வெயில்ல தண்ணியில அலையக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காங்கன்னு? அதுக்கப்புறம் அவங்களை எப்படி எடுக்கிறது? எனக்கே பயமாயிடுச்சு."

அப்படியா சொன்னேன்? சொல்லியிருக்கலாம். அக்கறையில் வாயில் வந்திருக்கும்.

சொன்னேன். அன்று சார் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆக்னஸ் வீட்டுக்குப் போனேன். ஆரோக்கியம் கதவைத் திறந்தார். சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. "வாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு போர்வையை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் இடத்தை விட்டுடறேன் ஆக்னஸ்."

"விட்டா எனக்கு வருமா?"

"வராது. கேட்டுட்டேன்."

"அப்ப எதுக்கு விடற? நான் பார்க்கணும்னா?"

வெளியே பக்கத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் மோட்டாரை நிறுத்தவில்லை.

"நான் வேணும்னு சொல்லல" என்றேன்.

"வேணும்னு சொன்னியா, வேணாம்னு சொன்னியான்னு நான் கேக்கவே இல்லையே." அவள் குரல் உயரவில்லை. "என் வயித்துல இருந்ததைப் பத்தி அந்த ரூம்ல நாலு பேர் பேசியிருக்காங்க. எங்க மாமியாருக்குத் தெரியாது, எங்கம்மாவுக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் உள்ள போய் உட்கார்ந்து, நத்தையைப் பத்திக் கேப்பாங்க கேப்பாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"மன்னிச்சிடு."

"நீ நல்லாத்தான் எழுதியிருந்தே வினோ. நீ வாயைத் திறக்காம இருந்திருந்தாலும் உனக்கே கிடைச்சிருக்கலாம். இனிமே அது எனக்கும் தெரியப்போறதில்ல, உனக்கும் தெரியப்போறதில்ல."

கடைசித் துணியையும் மடித்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். காப்பி போடப் போகிறாளோ என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

டாக்டர் சொன்னதாக நான் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் போனேன்.

அக்டோபர் 31, வெள்ளி

ஆக்னஸ் இன்றோடு வேலையை விட்டுவிட்டாள்; சாயங்காலமே ரயிலாம். திண்டுக்கல்லில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் சேருகிறாளாம். ஆரோக்கியத்துக்கும் அந்தப் பக்கம் மாற்றல் கேட்டிருக்கிறார்களாம். எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

துறைத்தலைவர் என்னிடம், "நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு ஒட்டுன்னு நினைச்சேன், நீங்ககூட ஸ்டேஷனுக்குப் போகலையா?" என்றார். ஹரிணிக்கு டியூஷன் என்றேன்.

இவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. துண்டை இப்போதெல்லாம் கொடியில்தான் போடுகிறார்.

நவம்பர் 8, சனி

முதல் மாதிரி எடுத்தேன். ஊருக்கு மேலே உள்ள படித்துறை. மழை விட்டிருந்தது, தண்ணீர் கலங்கல். முழங்கால் வரை இறங்கி வலையை அடிமண்ணில் இழுத்து, வெள்ளைத் தட்டில் கொட்டினேன். இலை, சேறு, ஒரு இறால் குஞ்சு. கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றாக ஊர ஆரம்பிக்கின்றன. தட்டான் லார்வாக்களைத் தனியே எடுத்துப் புட்டியில் போட்டேன். நத்தைகளும் நிறைய வந்தன. அவற்றைத் திரும்பத் தண்ணீரில் விட்டேன்.

கரையில் புல் அறுத்துக்கொண்டு போன ஒரு அம்மா நின்றார்.

"என்ன கண்ணு, மீன் புடிக்கிறியா?"

"இல்லம்மா. படிக்கிறேன். பிஎச்.டி."

"இந்த வயசுலயா? அதுக்கெல்லாம் லேசுல எடம் குடுக்க மாட்டாங்கம்பாங்களே."

"குடுத்தாங்க."

அவர் புல்கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கெட்டிக்காரிதான்" என்றார்.

தலையைக் குனிந்து வலையை அலசிக்கொண்டிருந்தேன், அவர் போகும் வரை.